காய்ந்த புல்லும் திசை மாறும் காற்றும்: டெக்சாஸ், ஓக்லஹோமா வசந்தகாலத் தீ வானிலையைப் படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

டெக்சாஸ் மாநிலத்தின் வடமேற்கு முனையில் பெருந்தீ பரவும் நாள், பெரும்பாலும் கண்ணுக்கு இனிய நாளாகவே விடிகிறது. முந்தைய வாரத்துக் குளிர் விலகி, வானம் மேகமின்றித் தெளிந்து, மேலங்கி தேவைப்படாத இளவெயில் அடிக்கும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே கிளம்பலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே நாளில் நண்பகலுக்குப் பின் மேற்கிலிருந்து காற்று எழுந்து, ஈரப்பதம் பத்து சதவீதத்தை நோக்கிச் சரிகையில், காய்ந்த புல்லில் விழுந்த ஒரே ஒரு பொறி மாலைக்குள் பல மைல் நீளமுள்ள நெருப்பாகிவிடுகிறது. 2024 பிப்ரவரி 26 அன்று ஹட்சின்சன் கவுன்டியில், ஸ்டின்னெட் என்னும் சிற்றூருக்கு அருகே பற்றிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ 10,58,000 ஏக்கருக்கு மேல் எரித்து, டெக்சாஸ் வரலாற்றின் மிகப் பெரிய காட்டுத்தீயாகப் பதிவாயிற்று. சென்னை மாநகராட்சியின் பரப்பைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு அது.

டாலஸ், ஆஸ்டின், ஓக்லஹோமா சிட்டி ஆகிய நகரங்களைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, டொர்னாடோ எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஓரிரு ஆண்டுகளில் பழகிவிடுகிறது. தீ வானிலை அறிவிப்பு அப்படிப் பழகுவதில்லை. கைப்பேசியில் அது வந்தாலும், மழையோ இடியோ இல்லாத தெளிந்த வானத்தைப் பார்த்துவிட்டு நாம் அதைத் தள்ளிவிடுகிறோம். அந்த அறிவிப்பு எப்படி உருவாகிறது, அதில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எந்த நேரத்துக்குள் எதைச் செய்து முடிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்லவே இதை எழுதுகிறேன். மாதக் கணிப்பில் தொடங்கி, வாரம், நாள், மணி என்று பார்வை சுருங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் உரிய வேலை ஒன்று உண்டு, அதை அந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் முறை.

முதல் படி: ஏன் வசந்தத்தில் என்பதைப் புரிந்துகொள்ளுதல்

நம் ஊரில் தீ என்றால் வெப்பம் உச்சத்தை எட்டும் மாதங்கள் நினைவுக்கு வரும். தென் சமவெளியில், அதாவது டெக்சாஸின் வடமேற்கு முனையான பான்ஹேண்டில், மேற்கு ஓக்லஹோமா, தென்மேற்குக் கன்சாஸ், கிழக்கு நியூ மெக்சிகோ ஆகியவை சேர்ந்த பரப்பில், கணக்கு வேறு. அங்கே எரிபொருள் மரமன்று, புல். இலையுதிர்காலத்து உறைபனியில் மடிந்த புல், குளிர்காலம் முழுவதும் வெளிறிய வைக்கோலாய் நின்றபடியே காய்கிறது. ஏப்ரலில் புதுப்புல் தளிர்த்து நிலம் பசுமையடையும் வரை அந்தப் பரப்பு முழுவதும் எரியக் காத்திருக்கும் கூளம்தான். ஆகவே பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, நம் கணக்கில் மாசியும் பங்குனியும், மிகுந்த கவனத்துக்குரிய காலம்.

இதே வாரங்களில்தான் மேல்வளிமண்டலத்தின் வேகக் காற்றோட்டமான ஜெட் ஸ்ட்ரீம் இப்பகுதியின் மேலே வலுவாகக் கடந்து செல்கிறது. ராக்கி மலைத்தொடரின் கிழக்கே தாழ்வழுத்தம் உருவாகும்போது, மேற்குக் காற்று மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடேறி, மேலும் வறள்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றையும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றையும் பிரிக்கும் எல்லையை வானிலையாளர்கள் டிரைலைன் என்கிறார்கள். அந்தக் கோட்டுக்குக் கிழக்கே இருப்பவர்கள் இடியையும் ஆலங்கட்டியையும் எதிர்பார்க்கும் அதே பிற்பகலில், மேற்கே இருப்பவர்கள் தீயை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வறட்சி ஆண்டுதான் தீ ஆண்டு என்பது பாதி உண்மைதான். நல்ல மழை பெய்த கோடைக்குப் பிறகு புல் அடர்ந்து உயர்ந்து வளர்கிறது. அதற்குப் பின் வரும் குளிர்காலம் சில வாரங்கள் வறண்டாலே போதும், எரிவதற்குத் தாராளமாகப் பொருள் சேர்ந்துவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு கோடையின் தொடக்கத்தில் பான்ஹேண்டிலில் தாராளமாக மழை பெய்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் எரிந்தது அந்த மழையில் விளைந்த புல். “போன வருஷம் நல்ல மழை” என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: மாதக் கணிப்பை ஒரு முறை பார்த்தல்

ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் உள்ள தேசியப் பல்துறைத் தீயணைப்பு மையம், ஒவ்வொரு மாதத்தின் தொடக்கத்திலும் அடுத்த நான்கு மாதங்களுக்கான பெருந்தீ வாய்ப்பு வரைபடத்தை வெளியிடுகிறது. ஜனவரி, பிப்ரவரி மாத வரைபடங்களில் தென் சமவெளி சிவப்பாகக் காட்டப்பட்டிருந்தால், அங்கே பெருந்தீ வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடுதல் என்று பொருள். பசிபிக் பெருங்கடலின் நடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா நிலவும் குளிர்காலங்களில் தெற்கு மாநிலங்களுக்கு மழை குறைவது வழக்கமாதலால், அத்தகைய ஆண்டுகளில் இந்தச் சிவப்பு அடிக்கடி தென்படும். இதனுடன் வியாழக்கிழமைதோறும் வெளியாகும் அமெரிக்க வறட்சிக் கண்காணிப்பு வரைபடத்தையும், டெக்சாஸ் ஏ அண்டு எம் வனத்துறை கவுன்டி வாரியாகக் காட்டும் கீச்-பைரம் வறட்சிக் குறியீட்டையும் பார்க்கலாம். பிந்தையது 0 முதல் 800 வரை செல்லும். மண்ணும் மேற்படிந்த சருகும் எவ்வளவு காய்ந்திருக்கின்றன என்பதை அது சொல்லும்.

ஆனால் புல் விஷயத்தில் இந்தக் குறியீடுகளை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. எரிபொருளை வானிலையாளர்கள் தடிமன்படி வகுக்கிறார்கள். கால் அங்குலத்துக்கும் குறைவான தடிமனுள்ள புல், சருகு முதலியவை ஒரு மணி நேர எரிபொருள். அதாவது சுற்றியுள்ள காற்றின் வறட்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவை ஒத்துப்போய்விடும். 3 முதல் 8 அங்குலம் வரை தடித்த கட்டைக்கு அதற்கு 1,000 மணி நேரம், அதாவது ஆறு வாரம், ஆகும். காலையில் பனியில் நனைந்திருந்த புல், வெயிலும் காற்றும் சேர்ந்தால் பிற்பகலில் பற்றிக்கொள்ளும். நேற்று முன்தினம் மழை பெய்ததே என்று தேற்றிக்கொள்வது அதனால் பயன் தராது. மாதக் கணிப்பு நம்மிடம் கேட்கும் வேலை நிதானமானது: கூரையையும் வடிகால் தகரங்களையும் சுத்தம் செய்வது, வேலியோரப் புல்லை வெட்டுவது, வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒரு முறை படிப்பது. இவற்றைக் காற்றில்லாத, ஈரப்பதமுள்ள ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒரு வாரம் முன்னதாகத் தேசிய வரைபடம்

ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இயங்கும் புயல் கணிப்பு மையம், டொர்னாடோவுக்குப் போலவே தீ வானிலைக்கும் நாள்தோறும் வரைபடம் வெளியிடுகிறது. மூன்றாம் நாள் முதல் எட்டாம் நாள் வரையிலான வரைபடத்தில் ஆபத்தான தீ வானிலைக்கான வாய்ப்பு 40 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு நிலைகளில் காட்டப்படும். ஐந்து நாட்கள் முன்னதாகவே ஓர் இடத்துக்கு 70 சதவீதம் என்று போடுகிறார்கள் என்றால், கணிப்பாளர்கள் அந்த நாளைப் பற்றி உறுதியாக இருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட நாளுக்கான பயணத் திட்டத்தை அப்போதே மறுபரிசீலனை செய்யுங்கள். பள்ளிகளின் வசந்தகால விடுமுறை மார்ச் நடுவில் வருகிறது. பாலோ டியூரோ பள்ளத்தாக்குக்கும், அதைத் தாண்டி கிராண்ட் கேன்யனுக்கும் குடும்பத்தோடு காரில் கிளம்பும் நம்மவர் பலர், நெடுஞ்சாலை 40 வழியே மிகவும் காற்றடிக்கும் பகுதியை மிகவும் காற்றடிக்கும் வாரத்தில்தான் கடக்கிறார்கள்.

முதல் நாள், இரண்டாம் நாள் வரைபடங்களில் மூன்று நிலைகள் உண்டு. ஆரஞ்சு நிறத்தில் வருவது எலிவேட்டட், அதாவது கூடுதல் ஆபத்து: காற்று மணிக்கு 15 மைல் அளவில் இருக்கும், ஈரப்பதம் அப்பகுதிக்கு வகுத்த அபாய அளவை நெருங்கியிருக்கும். சிவப்பு நிறத்தில் வருவது கிரிட்டிகல்: காற்று 20 மைலுக்கு மேல் தொடர்ந்து சில மணி நேரம் வீசும், ஈரப்பதம் அபாய அளவுக்குக் கீழே இறங்கிவிடும். இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்ட நிறத்தில் அரிதாக வருவது எக்ஸ்ட்ரீம்லி கிரிட்டிகல்: காற்று 30 மைலுக்கு மேல், ஈரப்பதம் மிகக் கீழே. 2025 மார்ச் 14 அன்று ஓக்லஹோமாவின் பெரும்பகுதி இந்த மூன்றாம் நிறத்தில் இருந்தது. அன்று அம்மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்ட இடங்களில் தீ எழுந்தது, ஸ்டில்வாட்டர் என்னும் பல்கலைக்கழக ஊரில் குடியிருப்பு வீடுகளே எரிந்தன. முதல் நிலையை இலேசாக எடுத்துக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருளில்லை. ஆரஞ்சு நிற நாளில் பற்றும் சிறு தீயைத் தீயணைப்புப் படையினர் பெரும்பாலும் அடக்கிவிடுகிறார்கள். நம் கவனக்குறைவால் எழும் தீ அந்த நாளிலும் அடுத்தவர் நிலத்தைத்தான் எரிக்கும்.

நான்காம் படி: உள்ளூர் அறிவிப்பின் பெயரைப் பிரித்தறிதல்

நாடு முழுவதற்குமான வரைபடம் ஒரு பக்கம் இருக்க, தேசிய வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகம் உங்கள் கவுன்டிக்கென்று தனியாக அறிவிப்பு விடும். ஃபயர் வெதர் வாட்ச் என்பது முன்னறிவிப்பு. நிலைமை உருவாகக்கூடும் என்று மூன்று நாள் முன்பு வரை சொல்வது. ரெட் ஃபிளாக் வார்னிங் என்பது உறுதியான எச்சரிக்கை. நிலைமை இப்போதே நிலவுகிறது அல்லது விரைவில் நிலவப் போகிறது என்பது அதன் பொருள். அபாய அளவு இடத்துக்கு இடம் மாறும்: மேற்கு டெக்சாஸில் பொதுவாக ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழும், காற்று 20 மைலும் அதற்கு மேலும் என்று பார்க்கிறார்கள், கிழக்கே செல்லச் செல்ல ஈரப்பத அளவு சற்று உயரும். ஒன்றை மறக்க வேண்டாம்: ரெட் ஃபிளாக் எச்சரிக்கை வந்தால் தீ பற்றிவிட்டது என்று பொருளன்று, பற்றினால் அடக்க முடியாது என்று பொருள்.

இதோடு சேர்ந்தே காற்று குறித்த அறிவிப்பும் வரலாம். வின்ட் அட்வைசரியைவிட ஹை வின்ட் வார்னிங் கடுமையானது. வீச்சு மணிக்கு 58 மைலைத் தொடும் என்று எதிர்பார்க்கும்போது அது வரும். கவுன்டி நிர்வாகம் விதிக்கும் எரிப்புத் தடை மூன்றாவது வகை. டெக்சாஸில் கவுன்டி ஆணையர் மன்றம் அதை 90 நாள் வரை விதிக்கலாம். தடை உங்கள் கவுன்டியில் இல்லை என்பதால் ரெட் ஃபிளாக் நாளில் குப்பை எரிக்கலாம் என்று ஆகாது.

ஐந்தாம் படி: எண்களை மணிவாரியாகப் படித்தல்

கைப்பேசியின் வானிலைச் செயலி காட்டும் உச்ச வெப்பமும் சூரியன் படமும் இதற்குப் போதா. தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் உங்கள் ஊரைத் தட்டினால், மணிவாரி வரைபடம் ஒன்று கிடைக்கும். அதில் நான்கு கோடுகளை ஒன்றாகப் பாருங்கள்: வெப்பம், பனிப்புள்ளி (எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்குமோ அந்த அளவு), ஈரப்பதம், காற்று.

ஈரப்பதச் சதவீதம் மட்டும் பார்ப்பவர் காலையில் ஏமாறுவார். விடியலில் வெப்பம் 45 டிகிரி ஃபாரன்ஹீட், பனிப்புள்ளி 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஈரப்பதம் ஏறத்தாழ 45 சதவீதம் இருக்கும். பயப்பட ஏதுமில்லை என்று தோன்றும். காற்றிலுள்ள நீராவி ஒரு துளியும் குறையாமல், வெப்பம் மட்டும் பிற்பகலில் 80 டிகிரிக்கு ஏறினால், அதே ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே முந்தைய நாள் இரவே பனிப்புள்ளியைப் பாருங்கள். அது இருபதுகளிலோ அதற்குக் கீழோ இருந்து, மறுநாள் உச்ச வெப்பம் எழுபதைத் தாண்டும் என்றால், பிற்பகலைப் பற்றி வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவிலும் ஈரப்பதம் நாற்பது, ஐம்பது சதவீதத்துக்கு மேல் மீளாத நாட்கள் தொடர்ந்தால் இன்னும் கடினம். புல் இரவில்கூட ஈரத்தை மீட்டுக்கொள்வதில்லை.

காற்றுக்கு இரண்டு எண்கள் தரப்படும். ஒன்று தொடர்ந்து வீசும் வேகம்; மற்றொன்று இடையிடையே எழும் உச்ச வீச்சு. தீயின் நடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் எண். மின்கம்பத்தைச் சாய்ப்பதும், கம்பிகளை ஒன்றோடொன்று உரச வைப்பதும், அணைத்துவிட்டோம் என்று நாம் நினைத்த சாம்பலைக் கிளப்புவதும், எரியும் துண்டுகளைச் சாலைக்கு அப்பால் எறிவதும் இரண்டாவது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 60 மைல் வீச்சு 30 மைல் வீச்சைப் போல் இருமடங்கன்று, நான்கு மடங்கு வலிமையுடையது. தீ ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்றும் உண்டு: நன்கு காய்ந்த புல்லில் தீ, திறந்தவெளிக் காற்று வேகத்தின் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் முன்னேறும். 40 மைல் காற்றில் அது மணிக்கு 8 மைல். பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நடப்பவர் அதை முந்த முடியாது.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று, மேலே ஓடும் வேகக் காற்றைத் தரைக்கு வரவிடாமல் தடுக்கிறது. காலை பத்து, பதினொரு மணியளவில் வெயில் அந்தப் போர்வையைக் கலைத்ததும், மேலே ஓடும் அந்த வேகக் காற்று கீழே இறங்கி வந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு மரக்கிளை அசையாமல் நின்றதைப் பார்த்து, பதினொன்றரை மணிக்குத் தோட்டத்தில் வெல்டிங் வேலையைத் தொடங்குபவர் இதை அறியாதவர். பெரும்பாலான நாட்களில் மிக மோசமான நேரம் பிற்பகல் ஒன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்டது. ஓக்லஹோமாவில் இருப்பவர்களுக்கு நல்வாய்ப்பாக, மெசோநெட் என்னும் வலைப்பின்னல் மாநிலம் முழுவதும் சுமார் 120 நிலையங்களிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவுகளைத் தருகிறது. மேற்கு டெக்சாஸிலும் அதுபோன்ற ஒன்று உண்டு. கணிப்பைவிட ஈரப்பதம் விரைவாக இறங்குகிறதா என்பதை நண்பகலிலேயே அதில் பார்த்துவிடலாம்.

ஆறாம் படி: காற்று எப்போது திரும்பும் என்று பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அது இந்தப் படியாக இருக்கட்டும். காற்றின் வேகத்தைப் பார்ப்பவர்கள்கூடத் திசையைப் பார்ப்பதில்லை.

நம் மொழியில் காற்றுக்கு அது வரும் திசையை வைத்தே பெயரிட்டார்கள்: தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. வானிலை அறிக்கையும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறது. மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது, தீயைக் கிழக்கு நோக்கித் தள்ளுவது. தென் சமவெளியில் பெருந்தீ நாட்களின் வழக்கமான போக்கு, பகலில் வெப்பமான கோடைக் காற்று, அதன் பின் குளிர்முகம், அதாவது வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, வந்து சேரும்போது திடீரென வாடை என்பதே. மேற்குக் காற்றில் கிழக்கே ஓடும் தீ, அகலம் குறைந்தும் நீளம் மிகுந்தும், ஈட்டி போல இருக்கும். அதன் முனை குறுகியது; பக்கவாட்டு விளிம்புகள் நீண்டவை, மெதுவாக எரிபவை. முகம் கடந்து காற்று வடக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியதும், பல மைல் நீளமுள்ள தென்பக்க விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் முனையாகி, தெற்கு நோக்கிப் பாயும். ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீயில் நடந்தது இதுதான். முதல் நாளும் மறுநாள் பகலும் கிழக்கே விரைந்த அந்தத் தீ, பிப்ரவரி 27 அன்று குளிர்முகம் கடந்ததும் தெற்கே திரும்பியது. தங்களைத் தாண்டிப் போய்விட்டது என்று கருதக்கூடிய தொலைவில் இருந்த நிலங்கள் அதன் பாதையில் வந்தன.

ஆகவே மணிவாரிக் கணிப்பில் திசைக் குறி எந்த மணியில் திரும்புகிறது என்று பாருங்கள். உள்ளூர் அலுவலகத்தின் கணிப்பாளர்கள் எழுதும் விளக்கக் குறிப்பில் குளிர்முகம் வரும் நேரம் சொல்லப்பட்டிருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். உங்கள் வீட்டுக்கு வடக்கே புகை தெரிந்து, அது கிழக்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தால், இப்போது உங்களுக்கு ஆபத்தில்லை என்பது உண்மையாக இருக்கலாம்; முகம் மாலை ஆறு மணிக்கு வருகிறது என்றால், உங்களுக்கு ஆறு மணி வரைதான் அவகாசம். குளிர்ந்த காற்று வந்துவிட்டது, இனி தணியும் என்று நினைப்பது இயல்பு. முகத்துக்குப் பின் வரும் முதல் சில மணி நேரம்தான் தீயணைப்பு வீரர்கள் மிகவும் அஞ்சும் நேரம்.

ஏழாம் படி: முந்தைய நாள் மாலை

வீடுகள் பெரும்பாலும் நெருப்புச் சுவர் வந்து மோதி எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குகள் விழுந்து பற்றுகின்றன. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய ஆய்வாளர் ஜாக் கோஹன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியது இதைத்தான்: வீட்டையும் அதை ஒட்டிய சிறு வட்டத்தையும் கவனித்துக்கொண்டாலே, வீடு பிழைக்கும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது. அந்த வட்டத்தில் மிக முக்கியமானது சுவரிலிருந்து முதல் ஐந்து அடி. மரச்சீவல், காய்ந்த இலை, தென்னந்துடைப்பம், அட்டைப் பெட்டி, வாசலில் கிடக்கும் கோரை மிதியடி, சுவரோரம் அடுக்கிய விறகு என எரியக்கூடிய எதுவும் அங்கே இருக்கக் கூடாது. கூரைக்கு அடியிலுள்ள மாடத்துக் காற்றுத் துளைகளில் எட்டில் ஓர் அங்குலக் கண்ணுள்ள உலோக வலை அடித்திருப்பது நல்லது. மரவேலி வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால், அது திரி போல நெருப்பைச் சுவருக்குக் கொண்டுவரும். தொடும் இடத்தில் ஓர் உலோகக் கதவோ கல்லோ வைத்து அதைத் துண்டியுங்கள்.

மாலையில் கார்களின் எரிபொருள் தொட்டியை நிரப்பி, வெளியேறும் திசை நோக்கி நிறுத்துங்கள். கடவுச்சீட்டு, விசா ஆவணங்கள், பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், மருந்து, மூக்குக்கண்ணாடி, கைப்பேசி மின்னூட்டி ஆகியவற்றை ஒரு பையில் போட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவின் கடவுச்சீட்டும் மாத்திரைகளும் அந்தப் பையில் இருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். இந்த இரண்டும்தான் அவசரத்தில் விடுபடுகின்றன. வீட்டின் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் காணொளியாக எடுத்து வைத்தால், பின்னால் காப்பீட்டுக்கு உதவும். மின்சாரம் போனாலும் கார் நிறுத்தும் கூடத்தின் கதவைக் கையால் திறப்பது எப்படி என்று பெரியவர்கள் அனைவரும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். பலத்த காற்று நாட்களில் மின்தடை எதிர்பார்க்க வேண்டியதே.

எட்டாம் படி: எச்சரிக்கை நாளில் செய்யக் கூடாதவை

டெக்சாஸில் பத்தில் ஒன்பது தீ மனிதர்களால் எழுவது. அவற்றுள் குப்பை, சருகு எரிப்பது முன்னிலை வகிக்கிறது. ரெட் ஃபிளாக் நாளில் கரி அடுப்பு, விறகடுப்பு, வெளியில் வளர்க்கும் ஹோமம், வெல்டிங், அறுக்கும் இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம் எதுவும் வேண்டாம். உலோகப் பற்கள் கல்லில் பட்டுத் தெறிக்கும் ஒரு பொறி போதும். கொல்லைப்புறத்தில் பொங்கல் வைப்பது ஜனவரி நடுவில் வருகிறது. அதுவும் புல் காய்ந்திருக்கும் காலமே. காற்று அடிக்கும் ஆண்டில் பானையைச் சமையலறை அடுப்பில் ஏற்றிக்கொள்வதில் குறையேதும் இல்லை. அணைத்த கரியின் சாம்பலை மறுநாள்கூடக் குப்பைத்தொட்டியில் கொட்டாதீர்கள். நீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, கை வைத்துப் பார்க்கும் அளவுக்குக் குளிர்ந்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

சாலையில் செல்பவர்கள் காரை உயரமான காய்ந்த புல் மீது நிறுத்தக் கூடாது. அடியிலுள்ள புகைக்குழாயின் சூடு புல்லைப் பற்றவைக்கும். இழுவை வண்டியின் சங்கிலி தரையில் உரசினால் மைல் கணக்கில் பொறி சிந்திக்கொண்டு போகும். புழுதியோ புகையோ முன்னால் சுவர் போல எழுந்தால் அதற்குள் நுழையாதீர்கள். 2006 மார்ச் 12 அன்று அமரில்லோவுக்குக் கிழக்கே எழுந்த தீயில் 12 பேர் இறந்தனர். அவர்களில் சிலர் நெடுஞ்சாலையைப் புகை மறைத்ததால் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தவர்கள். புகைக்குள் சிக்கிவிட்டால் சாலையை விட்டு முற்றிலும் விலகி, புல் இல்லாத இடத்தில் நிறுத்தி, விளக்குகளை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைத் தொடர்ந்து வந்து மோதாமலிருக்க அதுவே வழி.

ஒன்பதாம் படி: வெளியேறுதல்

வெளியேறச் சொல்லும் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாம். புல்தீயின் வேகத்தில், ஆணை வரும்போது சாலை அடைபட்டிருக்கலாம். புகை தெரிந்தால், காற்று உங்கள் பக்கம் இருந்தால், அல்லது திரும்பப் போகும் நேரம் நெருங்கினால், 911-க்குச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தீயின் பாதைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலகுவதே முறை. அதன் முன்னே ஓடி வெல்ல நினைக்கக் கூடாது. அதிலும், காற்று திரும்பினால் எந்தப் பக்கம் பாயுமோ அந்தப் பக்கத்தைத் தவிர்த்து விலகுங்கள். பருத்தி ஆடை, மூடிய காலணி அணியுங்கள். நைலான் புடவையும் செயற்கை இழைச் சட்டையும் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். சன்னல்களை மூடுங்கள், கதவைப் பூட்டாமல் சாத்துங்கள், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள். ஊர் முழுவதும் அப்படிச் செய்தால் தீயணைப்பு வண்டிகளுக்கு நீரழுத்தம் குறைந்துவிடும். அண்டை வீட்டு முதியவரிடம் வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பத்தாம் படி: காற்று ஓய்ந்த பிறகு

ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ எரிந்துகொண்டிருந்த பகுதியில் 2024 பிப்ரவரி 29 அன்று பனி பெய்தது; ஆனாலும் தீயை முழுமையாகக் கட்டுக்குள் கொண்டுவர மார்ச் நடுப்பகுதி வரை ஆயிற்று. மேற்புல் அணைந்தாலும், சாணக் குவியல், வைக்கோல் கட்டு, பழைய மரத்தூர், வேலிக்கால் இவற்றின் உள்ளே கனல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். வீடு திரும்பியவர்கள் முதல் இரண்டு நாட்கள் சில மணிக்கு ஒரு முறை கூரை, மாடம், வேலியோரம், தாழ்வாரத்தின் அடிப்பகுதி ஆகியவற்றைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சாம்பலைக் கூட்டும்போது என்-95 முகக்கவசம் அணிந்து, முதலில் நீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவே மூன்றாம் படிக்குத் திரும்பி, அடுத்த எட்டு நாட்களுக்கான வரைபடத்தைப் பாருங்கள். மார்ச் மாதத்தில் தாழ்வழுத்தங்கள் நான்கைந்து நாளுக்கு ஒன்றாக வரிசையில் வருவது வழக்கம். கட்டிவைத்த பையைப் பிரிக்க வேண்டாம்; வீட்டருகே உள்ள புல்வெளியில் குனிந்து, பழைய வைக்கோலை விலக்கிப் பார்த்து, அடித்தூரில் மட்டுமல்லாமல் புல்லின் பாதி உயரத்துக்கும் மேல் பச்சை ஏறிவிட்டது என்று கண்ட பிறகு அதைப் பிரித்துக்கொள்ளலாம்.